7 வாரம், 14 மாதம், 23 நாள்: சிக்மண்ட் ஃப்ராய்டும் சுருட்டும் – ஒரு நிகழ்வு ஆய்வு

புகைப்பழக்கத்தை விட முடியாதவர்களைப் பற்றிப் பேசும்போது நம்மிடம் இரண்டு விளக்கங்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. அதன் தீமை அவருக்குத் தெரியவில்லை என்பது ஒன்று. தெரிந்திருந்தும் மன உறுதி போதவில்லை என்பது மற்றொன்று. இந்த இரண்டுமே பொருந்தாத ஒருவர் புகையிலையோடு நடத்திய நெடிய போராட்டத்தை, இன்று நிகோட்டினைப் பற்றித் தெரிந்தவற்றின் துணையோடு மீண்டும் வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் வியன்னாவைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர், உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃப்ராய்ட்.

புகையை விட முயன்ற நோயாளியின் கதையை எழுதும்போது பெயரையும் ஊரையும் தொழிலையும் மறைத்தாக வேண்டும்; அப்படி மறைத்த பிறகு எஞ்சுவது பெரும்பாலும் எவருடைய கதையாகவும் இருக்கலாம். ஃப்ராய்ட் விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை. அவர் எழுதிய கடிதங்கள் அச்சில் உள்ளன. அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களும் பழகியவர்களும் தங்கள் நினைவுகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். தன் உடலிலும் மனத்திலும் நிகழ்வதைக் கூர்ந்து கவனித்து எழுதப் பழகிய ஒருவர், புகையை நிறுத்தியபோது என்ன நேர்ந்தது என்று அந்தந்த வாரத்திலேயே எழுதி வைத்திருப்பது அரிது. ஆனால் இந்த ஆவணத்தில் ஒரு பெரிய இடைவெளி உண்டு. இதில் முக்கியப் பங்கு வகிக்கும் பெர்லின் நண்பர் வில்ஹெல்ம் ஃப்ளீஸ் எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைக்கவில்லை என்பதால், புகைக்கக் கூடாது என்று சொன்னவரின் குரலை, அதைக் கேட்டுத் தவித்தவரின் பதில்களிலிருந்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

பழக்கத்தின் வரலாறு

1856இல் பிறந்த ஃப்ராய்ட் 24ஆம் வயதில் புகைக்கத் தொடங்கினார். முதலில் சிகரெட், விரைவிலேயே சுருட்டு மட்டும். முன்மாதிரி அவருடைய தந்தைதான். அவரும் பெரும் புகையர், 81 வயது வரை புகைத்தவர். ஆஸ்திரிய அரசின் புகையிலை நிறுவனம் தயாரித்த ‘ட்ரபுக்கோ’ என்ற சிறிய, காரம் குறைந்த சுருட்டு ஃப்ராய்டின் அன்றாடச் சரக்கு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 சுருட்டுகள். எழுதும்போதும் படிக்கும்போதும் மட்டுமல்ல, நோயாளி படுத்திருக்கும் சாய்வு நாற்காலியின் தலைமாட்டில் அமர்ந்து கேட்கும்போதும் புகைத்தார். 1902 முதல் வியன்னாவின் பெர்க்காஸ்ஸே தெருவில் 19ஆம் எண்ணில் இருந்த அவருடைய வீட்டில் புதன்கிழமை தோறும் நடந்த உளப்பகுப்பாய்வுக் கூட்டங்களில் மேசைமீது கருங்காப்பியோடு சுருட்டும் சிகரெட்டும் பரப்பி வைக்கப்பட்டிருக்கும். கூட்டம் முடிந்து அந்த அறைக்குள் நுழையும் வீட்டுப் பிள்ளைகள், இவ்வளவு புகையில் மனிதர்கள் எப்படி மூச்சு விட்டார்கள் என்று வியந்திருக்கிறார்கள். பதினேழு வயதுத் தம்பி மகன் ஒருவன் நீட்டிய சிகரெட்டை வேண்டாம் என்றபோது, வாழ்க்கையின் மிகப் பெரிய, மிக மலிவான இன்பங்களில் ஒன்றை முன்கூட்டியே துறக்கிறாயே என்று அவனுக்காக வருத்தப்பட்டவர் அவர்.

இந்த விவரங்கள் வெறும் சுவைக்காகச் சொல்லப்படவில்லை. எந்தெந்த இடத்தில், எந்த வேலையின்போது, யாருடன் இருக்கையில் கை புகையைத் தேடுகிறது என்பதைக் குறித்துக்கொள்வதே எந்தப் புகை நிறுத்தச் சிகிச்சைக்கும் முதல் படி. ஃப்ராய்டைப் பொறுத்தவரை விழித்திருக்கும் நேரத்தில் புகையில்லாத இடமே இல்லை. எனினும் எல்லாவற்றுக்கும் மேலே ஓர் இடம் இருந்தது. அது எழுத்து மேசை.

முதல் முயற்சிகள்: 1893 – 1895

1893 இலையுதிர் காலத்தில் ஃப்ளீஸ் அவரைப் புகைக்கக் கூடாது என்று தடுத்தார். ஃப்ளீஸ் காது மூக்குத் தொண்டை மருத்துவர். நண்பரின் இதயத் தொந்தரவுகளுக்கு நிகோட்டினே காரணம் என்பது அவருடைய முடிவு. அந்த நவம்பரில் ஃப்ராய்ட் எழுதிய பதில் சுருக்கமானது: தடையை நான் பின்பற்றவில்லை, துன்பத்தோடு நீண்ட நாள் வாழ்வது அவ்வளவு பெரிய பாக்கியமா?

1894 வசந்த காலத்தில், 38 வயதை நெருங்கும்போது, அவர் உண்மையாகவே நிறுத்தினார். ஏப்ரல் 19ஆம் தேதிக் கடிதம் இந்த ஆய்வின் மிக முக்கியமான ஆவணம். உதடுகளுக்கிடையே சூடான எதுவும் படாமல் இருந்துவருவதாகவும், பிறர் புகைப்பதைப் பொறாமையின்றிப் பார்க்க இப்போதுதான் முடிகிறதென்றும், அதில்லாமலும் வாழவும் வேலை செய்யவும் முடியும் என்று கற்பனை செய்யும் நிலைக்கு வந்திருப்பதாகவும், ஆனால் அந்த நிலையை எட்டும் வரை பட்ட துன்பம் எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிதாக இருந்ததென்றும் அதில் எழுதுகிறார். நிறுத்திய பிறகு தாங்கக்கூடிய சில நாட்கள் கழிந்ததும், புகைத்துக்கொண்டிருந்த காலத்தில்கூடக் கண்டிராத கடும் இதயத் தொந்தரவு திடீரென்று வந்தது: தாறுமாறான துடிப்பு, நெஞ்சில் அழுத்தம், எரிச்சல், இடக்கைக்குப் பாயும் வலி, சிறிது மூச்சுத் திணறல். கூடவே, வழக்கமான வேலை வெறி இருந்த இடத்தில் சாவைப் பற்றிய, விடைபெறுவதைப் பற்றிய காட்சிகள்.

இங்கே நிகோட்டின் விலகலையும் (பழகிய நிகோட்டின் நின்றதும் உடலும் மனமும் படும் தவிப்பையும்) இதய நோயையும் பிரித்துப் பார்ப்பது அவசியம். சிடுசிடுப்பு, மனச்சோர்வு, பதற்றம், தூக்கக் குறைவு, பசி மிகுதல், எதிலும் மனம் குவியாமை ஆகியவை விலகலின் அறிகுறிகள். நிறுத்திய முதல் நாளுக்குள் அவை தொடங்கி, இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்குகின்றன. இதயத் துடிப்போ நிறுத்தியவுடன் பொதுவாகக் குறையவே செய்யும். நெஞ்சை அழுத்தி இடக்கைக்கு இறங்கும் வலி விலகலின் இயல்பான அறிகுறி அன்று. மூத்த மருத்துவரான யோசெஃப் ப்ராயர் இதயத் தசை அழற்சியாக இருக்குமோ என்று ஐயுற்றார். ஃப்ளீஸ் நிகோட்டின் நஞ்சே என்று உறுதியாக நின்றார். பிற்காலத்தில் ஃப்ராய்டுக்கு மருத்துவம் பார்த்த மாக்ஸ் ஷூர், அது உண்மையான இதய நோய்த் தாக்குதலாக இருந்திருக்கலாம் என்று கருதினார். நோயாளிக்கு எது எதனால் என்று எவரும் தெளிவாகச் சொல்லவில்லை. தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று அவரே ஃப்ளீஸிடம் குறைப்பட்டுக்கொண்டார். புகையை நிறுத்திய வாரங்களில் வரும் எந்த உடல் தொல்லையையும் ‘இதை நிறுத்தியதால்தான் வந்தது’ என்று மனம் கணக்கெழுதிவிடும் என்பதால், இந்தத் தெளிவின்மை சிகிச்சையில் விலை கொடுக்க வைக்கும் குறை.

ஜூன் 22ஆம் தேதிக் கடிதம் அந்த விலையைக் காட்டுகிறது. நிறுத்தியதால் வந்த துன்பம் ஏறத்தாழ மூன்று வாரத்தில் தணிந்தது. இதயத் தொந்தரவு ஐந்து வாரத்தில் அடங்கியது. ஆனால் வேலை செய்யும் திறன் முற்றாகப் போய், தோற்றுப்போன மனிதனாக உணர்ந்தார். ஏழு வாரம் கழித்து, கொடுத்த வாக்கையும் மீறி, மீண்டும் பற்றவைத்தார். முதல் சில சுருட்டுகளிலேயே வேலை ஓடத் தொடங்கியது, மனநிலை கைக்குள் வந்தது. அதற்கு முந்தைய வாழ்க்கை தாங்க முடியாததாக இருந்தது என்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்கு மூன்று என்று உயர்த்தியிருப்பதாகவும், முன்பைவிட நன்றாக இருப்பதாகவும் சேர்த்துக்கொள்கிறார்.

துன்பத்தின் உச்சத்தில் அவர் தோற்கவில்லை. விலகல் வேதனை தணிந்து நான்கு வாரம் ஆன பிறகு தோற்றார். புகையை விடுவதைப் பற்றிய பொதுப் பேச்சு முழுவதும் முதல் சில நாட்களின் தவிப்பைச் சுற்றியே நிகழ்கிறது. ‘ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு, அப்புறம் சரியாகிவிடும்’ என்று சொல்லாத நண்பர் இல்லை. உதவியின்றி நிறுத்துபவர்களில் மிகப் பலர் அந்த முதல் வாரத்திலேயே சறுக்குகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதைக் கடந்தவரைத் தாக்குவது வேறு ஒன்று. தவிப்புக்கும் சபலத்துக்கும் ஒரே மருந்து கிடையாது என்பதற்கு ஃப்ராய்டின் ஏழாவது வாரத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

ஏழாவது வாரத்தில் என்ன நடந்தது

பதினான்கு ஆண்டுகளாக அவர் ஒவ்வொரு வரியையும் புகையோடு எழுதியவர். மேசையில் அமர்வது, பேனாவை எடுப்பது, பற்றவைப்பது ஆகிய மூன்றும் ஒரே செயலாக மூளையில் பதிந்துவிட்டன. நிகோட்டின் உடலில் சரிபாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான் ஆகும். சில நாட்களில் உடலில் அதன் தடமே இராது. பதிந்துபோன தொடர்பு அப்படி மறைவதில்லை. புகையின்றி மேசையில் அமர்ந்து, ஒரு பத்தியாவது எழுதி, எழுந்து போவதைப் பலமுறை செய்தால்தான் அந்தத் தொடர்பு தளரும். ஃப்ராய்ட் செய்ததோ இதற்கு மாறானது. வேலை செய்யும் திறன் தானாகத் திரும்பி வரும் என்று காத்திருந்தார்; வராதபோது, அது புகையிலேயே இருக்கிறது என்று முடிவு கட்டினார்.

அந்த முடிவில் ஒரு தர்க்கப் பிழை இருக்கிறது. நிகோட்டின் இல்லாமல் தவிக்கும் நேரத்தையும் அந்தத் தவிப்பு தீர்ந்த நேரத்தையும் ஒப்பிட்டால், புகை வேலைத் திறனைக் கூட்டுவதாகவே தோன்றும். கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பழக்கமே இல்லாதவர் அதே மேசையில் எப்படி எழுதுகிறார் என்பது. எர்ன்ஸ்ட் ப்ரூக்கேயின் உடலியல் ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்றவருக்கு இந்த வேறுபாடு தெரியாததல்ல. தன்மேல் அவர் அதைப் பொருத்திப் பார்க்கவில்லை. 1929இல், தன் 72ஆம் வயதில், புகைப்பழக்கம் பற்றிய ஒரு வினாவுக்கு எழுதிய பதிலிலும், வேலைத் திறன் பெருகியதற்கும் தன்னடக்கம் எளிதானதற்கும் சுருட்டுக்கே கடன்பட்டிருப்பதாகச் சொன்னார்.

அதே ஜூன் கடிதத்தில் அவர் அடுக்கும் காரணங்களும் கவனத்துக்குரியவை. தன்னைப் போலவே இதயத் தொந்தரவுள்ள, ஆனால் புகைக்காத அல்லது புகையை விட்டுவிட்ட, தன் வயதொத்த நோயாளிகளைக் கண்டதாகச் சொல்கிறார். ஒரு சுருட்டுக்குப் பிறகு அறிகுறிகள் கூடவில்லை என்கிறார். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்று நம் ஊரில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இவை முட்டாள்தனமான சாக்குகள் அல்ல, மருத்துவர் ஒருவர் தொகுத்த சான்றுகள். சபலம் எப்போதும் ஆசையின் வடிவில் வருவதில்லை. படித்தவரிடம் அது ஆராய்ந்து எடுத்த முடிவின் வடிவில் வருகிறது. வழக்கறிஞரிடம் வாதமாகவும் கணக்காளரிடம் கணக்காகவும் வரும். அந்த நேரத்தில் உள்ளே ஓடும் வாதத்தை அப்படியே காகிதத்தில் எழுதச் சொல்வது இன்றைய ஆலோசகர்கள் கையாளும் முறை. எழுதிய பிறகு தானே அதைப் படித்துப் பார்க்கும்போது பெரும்பாலோர் சிரித்துவிடுகிறார்கள். ஃப்ராய்ட் எழுதவும் செய்தார். ஆனால் அதைச் சோதிக்க அல்ல, நண்பருக்கு விளக்கம் சொல்ல.

அடுத்து வந்தது சமரசம். ஃப்ளீஸ் மீண்டும் வற்புறுத்தினார். ஃப்ராய்ட் மீண்டும் நிறுத்தினார். ஜூலை 14ஆம் தேதி அவர் தரும் கணக்கு இது: எட்டு நாள் நிறுத்தம், அடுத்த வியாழக்கிழமை, சொல்ல முடியாத அளவு இருண்ட ஒரு கணத்தில், ஒரு சுருட்டு, மறுபடி எட்டு நாள், மறுபடி வியாழக்கிழமை ஒன்று. புகையின்பத்தைத் தன்னிடமிருந்து பறித்த கடிதத்தின் நினைவாக வாரம் ஒரு சுருட்டு என்று ஒரு முறை தானாக அமைந்துவிட்டதாகவும், நடைமுறையில் இது முற்றிலும் நிறுத்தியதற்கு ஏறக்குறையச் சமம்தான் என்றும் எழுதுகிறார்.

கிண்டல் கலந்த இந்த வரிகளில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, அவர் தனக்காக நிறுத்தவில்லை, ஃப்ளீஸுக்காக நிறுத்தினார். பிறர் கட்டளைக்குப் பணிந்து விட்டவருக்கு ஒவ்வொரு சுருட்டும் அந்தக் கட்டளைக்கு எதிரான சிறு கலகமாகச் சுவைக்கும். ‘நினைவாக’ என்ற சொல்லில் அந்தக் கலகம் தெரிகிறது. மனைவிக்குத் தெரியாமல் தெருமுனைப் பெட்டிக்கடையில் நின்று ‘ஒரே ஒரு தம்’ போடுபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றொன்று, வாரம் ஒன்று என்பது நிறுத்தத்துக்குச் சமம் அன்று. நிகோட்டின் அளவைப் பார்த்தால் அது சொற்பம்தான். ஆனால் அந்த ஒன்று மற்ற ஆறு நாட்களையும் எதிர்பார்ப்பால் நிரப்பிவிடுகிறது. எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் பழக்கம்தான் எளிதில் அழியாத பழக்கம். ஃப்ராய்ட் தன் வேட்கையைப் பட்டினி போடவில்லை. அது சாகாத அளவுக்கு வாரந்தோறும் தீனி போட்டு வளர்த்தார்.

விளைவு 1895 ஜூன் 12ஆம் தேதிக் கடிதத்தில் வருகிறது. 14 மாத நிறுத்தத்துக்குப் பிறகும் (இடையில் புகைத்தவற்றைக் கழிக்காத அவருடைய கணக்கு இது) ஏக்கம் தீராததால் மீண்டும் தொடங்கிவிட்டேன். உள்ளே இருக்கும் அந்த மனதைச் சீராட்டி வைத்தால்தான் அது எனக்கு வேலை செய்யும் என்கிறார். கனவுகளைப் பற்றியும் நரம்பு மண்டலத்தைப் பற்றியும் அவர் இரவு பகலாக உழைத்துக்கொண்டிருந்த கோடைக்காலம் அது. மறுபடியும் வேலைதான் நியாயம். 14 மாதத்துக்குப் பிறகு நிகோட்டின் விலகல் என்று எதுவும் உடலில் இராது.

பின்பு 1895 அக்டோபரில் எழுதிய வரிகள், எந்தச் சிகிச்சைக் கையேட்டிலும் இடம்பெறத் தக்கவை. மறுபடியும் முழுவதும் விட்டுவிட்டேன். நான்காவது, ஐந்தாவது சுருட்டுக்கான வேட்கையோடு மல்லுக்கட்டும் அருவருப்பிலிருந்து விடுபட வேண்டும். அதைவிட முதல் சுருட்டோடேயே மோதிவிடுவது மேல் என்கிறார். குறைத்துக்கொள்பவர் நாள் முழுவதும் தீர்மானம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டவர் ஒரே ஒரு தீர்மானத்தைத்தான் காக்க வேண்டும். ஒரு இழுப்புகூட வேண்டாம் என்று இன்று சொல்லப்படும் அறிவுரையின் உட்பொருளை அவர் தானாகவே கண்டறிந்திருந்தார். கண்டறிந்தும் நிலைக்கவில்லை. நாளுக்கு 20 என்பது திரும்பி வந்தது.

கோட்பாட்டுக்கும் இதில் பங்கில்லை. 1897 டிசம்பரில், மது, மார்ஃபின், புகையிலை ஆகிய எல்லா அடிமைப்பழக்கங்களும் சுய இன்பம் என்ற ஆதிப் பழக்கத்தின் பதிலிகளே என்று ஃப்ளீஸுக்கு எழுதினார். அந்த விளக்கம் சரியோ தவறோ, அதனால் ஒரு சுருட்டுகூடக் குறையவில்லை.

முன் சொன்ன 1929ஆம் ஆண்டுப் பதிலில் இந்தக் காலம் எப்படி நினைவில் நின்றது என்பதையும் பார்க்கலாம். முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில், இதயத் தொந்தரவால் ஒன்றரை ஆண்டு புகையை நிறுத்த நேர்ந்தது. அது நிகோட்டினால் வந்திருக்கலாம், ஆனால் இன்ஃபுளுவென்சாவின் பின்விளைவாகவே இருக்கக்கூடும் என்கிறார். ஏழு வாரமும் வியாழக்கிழமைச் சுருட்டுகளும் கரைந்து, கறையற்ற ஒன்றரை ஆண்டாகிவிட்டன. இதை வேண்டுமென்று சொன்ன பொய்யாக நான் கருதவில்லை. நீண்ட நாள் புகைப்பவர்களிடம் பழைய முயற்சிகளைப் பற்றிக் கேட்டால் கிடைக்கும் விடை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ‘எப்போது, எந்த இடத்தில், யார் கொடுத்தது’ என்று துருவிக் கேட்டால்தான் உண்மையான சறுக்கல் வெளியே வரும்.

மேலண்ணம்

1917 நவம்பரில், போர்க்காலத் தட்டுப்பாட்டில் சுருட்டு தீர்ந்துபோனது. அதைப் பற்றி ஹங்கேரிய உளப்பகுப்பாய்வாளர் சாந்தோர் ஃபெரென்சிக்கு எழுதும்போது, எரிச்சலும் களைப்பும் படபடப்பும் வந்ததாகவும், மேலண்ணத்தில் இருந்த வலியுள்ள வீக்கம் மோசமானதாகவும், பிறகு நோயாளி ஒருவர் ஐம்பது சுருட்டுகளைக் கொண்டுவந்து கொடுக்க, ஒன்றைப் பற்றவைத்ததும் மனம் மலர்ந்து வீக்கமும் விரைவில் வற்றியதாகவும் சொல்கிறார். வாயில் வந்த புண்ணுக்குச் சுருட்டே மருந்தாகிவிட்டது! ஆறாண்டுக்குப் பின் புற்றுநோய் தோன்றப்போவது அதே மேலண்ணத்தில்தான்.

1923 பிப்ரவரியில் வலப்பக்கத் தாடையிலும் அண்ணத்திலும் வெண்படலம் போன்ற வளர்ச்சியை அவரே கண்டுபிடித்தார். இரண்டு மாதம் எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் புகையை விடச் சொல்வார்கள் என்ற அச்சமே அந்தத் தாமதத்துக்குக் காரணம் என்று எண்ண இடமிருக்கிறது. ஏப்ரலில் அதைப் பார்த்த மருத்துவர் ஃபெலிக்ஸ் டாய்ச் புற்றுநோய் என்று உணர்ந்தும் வெறும் வெண்படலம் என்றே சொன்னார். துன்பப்பட நேர்ந்தால் கண்ணியமாக விடைபெற உதவ வேண்டும் என்று ஃப்ராய்ட் கேட்டதால், உண்மையைச் சொன்னால் உயிரை மாய்த்துக்கொள்வாரோ என்று அவர் அஞ்சினார். மூக்குத் தொண்டை மருத்துவர் மார்கஸ் ஹாயெக் செய்த முதல் அறுவை அரைகுறையாக முடிந்தது. அன்று கடும் இரத்தப்போக்கு. பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வாளர் எர்னஸ்ட் ஜோன்ஸுக்கு எழுதிய கடிதத்தில், தீங்கற்றது என்று தனக்கு உறுதி கூறப்பட்டதாகவும், புற்று என்ற தன் சொந்தக் கணிப்பை யாரும் ஏற்கவில்லை என்றும், திசுக்களின் இந்தக் கலகத்துக்குப் புகையே காரணம் என்று குற்றம் சாட்டப்படுவதாகவும் குறிப்பிடுகிறார்.

அந்த வாக்கியத்தில் வினையின் எழுவாய் அவரல்லர். யாரோ புகைமேல் குற்றம் சாட்டுகிறார்கள். அவர் செய்தியைத் தெரிவிக்க மட்டும் செய்கிறார்.

அக்டோபரில் தாடை அறுவை மருத்துவர் ஹான்ஸ் பிக்லர் வலப்பக்க மேல்தாடையிலும் அண்ணத்திலும் பெரும்பகுதியை வெட்டியெடுத்து, வாயையும் மூக்கையும் பிரிக்க ஒரு செயற்கைத் தகட்டைப் பொருத்தினார். வீட்டில் அதை ‘அரக்கன்’ என்றே அழைத்தார்கள். பேச்சு குழறியது, வலக்காது கேட்கவில்லை, வாய் சரியாகத் திறக்கவில்லை. பற்களுக்கிடையே சுருட்டு நுழைவதற்கு, துணி உலர்த்தும் கவ்வியால் தாடையை நெம்பித் திறந்துகொண்டார். சாகும் வரையிலான பதினாறு ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன, புகை தொடர்ந்தது. நோயின் பயங்கரத்தைக் காட்டினால் புகையர் தானாகவே விட்டுவிடுவார் என்று நம்புபவர்கள் அந்தத் துணிக் கவ்வியைச் சற்று நேரம் மனத்தில் நிறுத்திப் பார்க்கலாம். அச்சம் ஒருவரை நிறுத்தத் தூண்டும். நிறுத்திய பின் எப்படி உட்கார்ந்து எழுதுவது என்பதை அது கற்றுத் தராது.

23 நாள்

1926 பிப்ரவரியில் தெருவில் நடக்கும்போது இருமுறை மார்பு நெரிப்பு (இதயத்துக்கு இரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி) வந்தது. நிகோட்டின் நீக்கிய சுருட்டுகளைக்கூடப் பயன்படுத்திப் பார்த்தார். அவையும் இதயத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1930 ஏப்ரலில் மீண்டும் இதயத் தொந்தரவோடு வியன்னாவின் ‘காட்டேஜ்’ நலவிடுதியில் சேர்ந்தபோது முழுவதும் நிறுத்தினார். மே 8ஆம் தேதி எழுத்தாளரும் உளப்பகுப்பாய்வாளருமான லூ ஆண்ட்ரியாஸ்-சலோமேக்கு எழுதிய கடிதத்தில், ஐம்பது ஆண்டுகளாக வாழ்க்கைப் போரில் கேடயமாகவும் ஆயுதமாகவும் துணைநின்ற புகையை விட்டுவிட்டதாகவும், முன்பைவிட நலமாக இருப்பதாகவும், ஆனால் மகிழ்ச்சியாக இல்லை என்றும் சொல்கிறார்.

இழப்பின் வார்த்தைகள் அவை. புகையை விட்டவரிடம் ‘இப்போது எவ்வளவு நலம் பார்த்தீர்களா’ என்று கொண்டாடுபவர்கள் இந்த இழப்பை மதிப்பதில்லை. விட்டவர் உண்மையாகவே எதையோ இழந்திருக்கிறார். அதைப் பேச இடம் கொடுக்காவிட்டால் அது சபலத்தின் பக்கம் சேர்ந்துகொள்ளும்.

அந்த முறை நிறுத்தம் 23 நாள் நீடித்தது. பிறகு நாளுக்கு ஒன்று. சில மாதத்தில் இரண்டு. ஆண்டு முடிவில் மூன்று நான்கு. அதையும் மருத்துவர் லுட்விக் ப்ராவுனின் கைதட்டலோடு புகைப்பதாக எழுதுகிறார். 1894இல் மூன்று வரை ஏறிய அதே படிக்கட்டுதான். வேறுபாடு, அப்போது தடுக்க ஒரு ஃப்ளீஸ் இருந்தார். இப்போது பக்கத்தில் இருப்பவர் பாராட்டுகிறார். 20லிருந்து நான்குக்கு வந்தவரைப் பாராட்டுவது ஒருவகையில் நியாயமே. ஆனால் பூஜ்யத்திலிருந்து நான்குக்கு ஏறியவரைப் பாராட்டுவது வேறு. நோயாளி எந்தத் திசையில் நகர்கிறார் என்பதை எண்ணிக்கை மட்டும் சொல்லாது.

1938 ஏப்ரலில், வியன்னாவை விட்டு வெளியேறக் காத்திருந்த நாட்களில், தம்பி அலெக்சாண்டரின் பிறந்தநாளுக்கு அவர் அனுப்பிய கடிதத்தில், தன்னிடம் சேர்ந்துபோன நல்ல சுருட்டுகளை எடுத்துக்கொள்ளும்படியும், அந்த இன்பம் இனித் தனக்கு இயலாதென்றும் குறிப்பிட்டார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி லண்டனில், 83ஆம் வயதில் இறந்தார்.

இன்று இதே நோயாளி வந்தால்

அவருக்குக் கிடைக்காதவை என்னென்ன என்று பார்ப்பது, அவரைத் தீர்ப்பிடுவதைவிடப் பயனுள்ளது. எந்த உதவியுமின்றித் தாமாக நிறுத்த முயல்பவர்களில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். ஃப்ராய்டின் தோல்வி விதிவிலக்கு அன்று, விதி. 1967 வாக்கில் ஸ்வீடனில், நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத மாலுமிகள் வாயில் அடக்கும் புகையிலையால் சமாளிப்பதைக் கவனித்த செய்தியிலிருந்து ஓவே ஃபெர்ன்யோ நிகோட்டின் சூயிங் கம்மை உருவாக்கும் வேலையில் இறங்கினார். அதற்கு முன் விலகல் வேதனையைத் தணிக்க மருத்துவரிடம் பெரிதாக எதுவும் இல்லை. இப்போது நிகோட்டின் ஒட்டுப்பட்டை, கம், வாயில் கரையும் மாத்திரை ஆகியவையும், நிகோட்டின் இல்லாத மருந்துகளான புப்ரோபியன், வரெனிக்ளின் ஆகியவையும் இருக்கின்றன. நிகோட்டின் மாற்று மருந்துகள் வெற்றி வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன. இதை மந்திரம் என்று சொல்ல முடியாது; ஆனால் அந்த முதல் மூன்று வாரத் துன்பத்தைத் தனியே பட வேண்டிய அவசியம் இல்லை.

கம் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் நம் மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைத்தும் தவறாகவே பயன்படுத்தப்படுவது அதுதான். சாதாரண சூயிங் கம்மைப் போல அதை ஓயாமல் மென்று எச்சிலை விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். ‘எனக்கு இது வேலை செய்யவில்லை’ என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். மிளகுக் காரம் போல நாவில் சுரீரென்று பட்டவுடன் மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். சுரீர் அடங்கியதும் மீண்டும் சில முறை மென்று, இடம் மாற்றி ஒதுக்க வேண்டும். காப்பி, டீ, பழச்சாறு ஆகியவற்றைக் குடித்தவுடன் போட்டால் வாயின் புளிப்புத் தன்மையில் நிகோட்டின் உறிஞ்சப்படாது. சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. ஆகவேதான் ஆழ இழுக்காமலேயே வாயின் உட்சவ்வு வழியாக நிகோட்டின் இரத்தத்தில் கலக்கிறது. ஃப்ராய்டின் மூளைக்குச் சுருட்டு சென்ற அதே வாசல் வழியாகத்தான் கம்மும் செல்கிறது, புற்றை உண்டாக்கும் புகையை வெளியே விட்டுவிட்டு.

மருந்து தவிப்பைத் தணிக்கும். மேசையை அது தொடாது. அதற்குத் தனியாகத் திட்டம் வேண்டும்: நிறுத்திய முதல் மாதத்தில் வேறு அறையில், வேறு நேரத்தில், குறைந்த நேரம் எழுதுவது, எழுத வரவில்லை என்பதை இயலாமையாக அல்ல, விலகலின் அறிகுறியாகக் குறித்துக்கொள்வது, வேட்கை எழும்போது எழுந்து நடந்துவிட்டு வருவது. ஒரு வேட்கை அலை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும், புகைத்தாலும் புகைக்காவிட்டாலும். புதன்கிழமைக் கூட்டத்தின் மேசையிலிருந்து சுருட்டுப் பெட்டியை எடுத்துவிடுவதும் திட்டத்தில் சேரும். சுற்றியிருப்பவர்கள் அனைவரும் புகைக்கும்போது ஒருவர் மட்டும் விட்டு நிற்பது அபூர்வம்.

1930 மே மாதத்தில், 23ஆம் நாள், அந்த ஒரு சுருட்டைப் புகைத்துவிட்டு அவர் ஆலோசனைக்கு வந்திருந்தால் செய்ய வேண்டியது கடிவதும் அல்ல, கைதட்டுவதும் அல்ல. அது சறுக்கல், பழைய பழக்கத்துக்கே திரும்பிப் போனதாக ஆகாது. அன்றைய தினத்தையே மீண்டும் முதல் நாளாகக் கொண்டு, அடுத்த சந்திப்பை அதே வாரத்தில் வைத்து, அந்தச் சுருட்டு எங்கிருந்து வந்தது, எந்த வேலையின் நடுவே பற்றவைத்தார், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் மனத்தில் ஓடிய வாதம் என்ன என்று எழுதி வாங்க வேண்டும். மருந்தைத் தேர்வதில் மட்டும் கவனம் தேவை. அரக்கனைப் பொருத்திய அந்தத் தாடையால் கம்மை மெல்ல முடியாது. தோலில் ஒட்டும் பட்டையே பொருந்தும். நிலைப்பட்ட இதய நோயுள்ளவர்களுக்கும் அதைப் பாதுகாப்பாகக் கொடுக்கலாம் என்பது இன்று நிறுவப்பட்டிருக்கிறது. என்றாலும் அண்மையில் மார்பு நெரிப்பு வந்த நோயாளி என்பதால், இதய மருத்துவரான ப்ராவுனிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டியிருக்கும்.